உப்பு வண்டி

மில்வாக்கியில் இன்றிரவு மைனஸ் பத்தொன்பது.
உறைந்த ஏரி பல்லைக் கடிப்பது
நாலாம் மாடி வரை கேட்கிறது.
இங்கே சிவப்பு விளக்கு;
எலிகளுக்குச் சிவப்பென்றால் இருட்டு,
எனக்கு மட்டும் கண் தெரிகிறது.

பதினேழாம் எலி நெம்புகோலை விட்டு மூன்று வாரம்.
அழுத்தினால் இனி எதுவும் வராதென்று
மெல்ல மெல்லப் படித்துக்கொண்டது.
நான் குறித்துவைத்தேன்:
முப்பது, ஒன்பது, இரண்டு,
பூஜ்யம், பூஜ்யம்.

என் அண்ணன் ஸெனான் விட்டுப் பதினாலு மாதம்.
ஃபிரிட்ஜ் கதவில் மாதத்துக்கொரு பித்தளை வில்லை.
நகராட்சியின் உப்பு வண்டி ஓட்டுகிறான்,
ஊர் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை.

இன்று பதினேழின் பாதங்களில் லேசாய் மின்சாரம் விட்டோம்.
கூண்டின் மூலையில் ஒடுங்கியது,
அழுத்தவில்லை.
வேறொரு நாள் ஒரு துளி கொக்கேய்ன் மட்டும், மிகச் சிறியது.
மீசையைக் கழுவிக்கொண்டது,
அழுத்தவில்லை.
அடியும் துளியும் ஒரே நாளில்:
நாற்பத்தாறு.

நாற்பத்தாறு முறையும் ஒன்றும் வரவில்லை.

நெற்றிக்குப் பின்னால் ஒரு காவல்காரன் இருக்கிறான்.
அவனுக்குத் தெரிந்த ஒரே சொல், வேண்டாம்.
பயந்த உடம்பு ரத்தத்தில் ஒரு சுரப்பை அனுப்ப,
மூளை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளத்
தன் வீட்டுச் சரக்கைக் காய்ச்சுகிறது.
அது போய்க் காவல்காரன் தோளைத் தட்டி,
பாவம், களைத்துப்போனாய்,
கொஞ்சம் கண்ணயரு என்கிறது.
அந்தப் பூட்டுக்குக் கஞ்சாவின் பெயரை
நாங்கள்தான் பின்னால் வைத்தோம்.
எந்தச் செடியையும் பார்க்கும் முன்பே
பூட்டு அங்கே இருந்தது,
சாவியும் உள்ளேயே இருந்தது.

ஆறுதல்தான் கதவைத் திறந்துவிடுகிறது.
இதை யாரிடம் போய்ச் சொல்ல?

பிப்ரவரியில் முப்பது மணி நேரம் விடாத பனி.
நிறுத்திவைத்த காரொன்றை உரசியதற்கு
இரண்டாம் எச்சரிக்கைக் கடிதம்.
மார்த்தாவை இந்த ஞாயிறு பார்க்க முடியாதென்று
அவள் அம்மாவின் வக்கீல்.
மூன்றையும் விழுங்கிவிட்டு வண்டியெடுத்தான் ஸெனான்.
நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை, கின்னிகின்னிக் தெருவில் ஒரு பாரின் கழிப்பறை.
யாரோ சாவி நுனியில் நீட்டினான்.
சாவி நுனியளவுதான்.
திங்கள்வரை வீடு திரும்பவில்லை.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தாக வேண்டும் என்பார்கள்.
அவன் தின்னவில்லை ஐயா,
ஊருக்கெல்லாம் தூவினான்.

பதினெட்டாம் எலிக்கு அந்தப் பூட்டை முன்கூட்டியே அடைத்தோம்.
அதே அடி, அதே துளி.
மூன்றுமுறை தொட்டது, போய்ப் படுத்துக்கொண்டது.
ஆய்வகத்தில் கை தட்டினார்கள்,
நானும்தான்.
ஆனால் அப்படியொரு அடைப்பானை
மாத்திரையாக்கி மனிதருக்குக் கொடுத்த காலம் உண்டு.
எடை குறைந்தது.
சிலருக்கு, வாழும் ஆசையும்.

நாலரை மணிக்குப் போன்.
பின்னால் உப்பு சிதறும் சக்கரத்தின் சத்தம்.
வேலை போகவில்லை, இன்னும்.
"ஹெலா, எத்தனை நாள்னு கேட்காதே."
கேட்கவில்லை.
இந்த வாரம் எப்படிப் போச்சு என்றேன்.

வெகுநேரம் என்ஜின் மட்டும் பேசியது.
பிறகு அவன்,
லிங்கன் அவென்யூ முடிச்சாச்சு, 
பாலத்துமேல இன்னும் கண்ணாடி மாதிரி கிடக்கு,
மெதுவா வீட்டுக்குப் போ என்றான்.

பதினேழை வெளியே எடுத்தேன்.
உள்ளங்கையில் அதன் இதயம்
எண்ண முடியாத வேகம்.
அட்டவணையில் நாற்பத்தாறு எழுதினேன்.
வாரம் எப்படிப் போனதென்று எழுத
அதில் கட்டமில்லை,
ஓரத்தில் பென்சிலால்
பனி, என்று மட்டும்.